கந்தல் மீண்டும் ஆடையாதல்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாகிய உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உடை நடுநிற்பது. உணவு உண்டவுடன் மறைவது. உறையுள் தலைமுறை பல நிற்பது. உடையோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்நாளையுடையது. அவ்வாழ்நாளை இயன்ற அளவு நீட்டிப் பயன்கொள்வதே நம் முன்னோர் வழக்கமாயிருந்தது. விழாநாளில் உடுத்த புதுப் புடைவை சில ஆண்டுகளில் அன்றாட உடையாகும். நைந்தபின் குழந்தைக்குத் தொட்டிலாகும். பின்னர்க் கிழிக்கப்பட்டு விரிப்பாகவும், அடுக்களையில் கரித்துணியாகவும் உதவும். எஞ்சிய துண்டு திரியாக விளக்கில் எரியும். குப்பைமேட்டிற்குச் செல்வது யாதொன்றுமில்லை. துணி அரிதாகவும், அதனை நெய்யும் கை அருமையுடையதாகவும் இருந்த காலத்தின் ஒழுங்கு இது.

அவ்வொழுங்கு இன்று தலைகீழாயிற்று. 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் உண்டாக்கப்பட்ட நெசவு இழைகளின் நிறை ஏறத்தாழ 12 கோடியே 40 இலட்சம் டன். அதில் நூற்றுக்கு 57 பங்கு மண்ணெண்ணெய்க்கு மூலமாகிய அதே கனிய எண்ணெயிலிருந்து செய்யப்படும் பாலியெஸ்டர் ஆகும். எல்லன் மெக்ஆர்தர் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்காயிற்றென்றும், ஓர் ஆடை உடுக்கப்படும் தடவைகளோ நூற்றுக்கு 36 பங்கு குறைந்தனவென்றும் கூறுகின்றது. ஆடை செய்யப் பயன்படும் பொருளில் மீண்டும் புத்தாடையாகத் திரும்புவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிபு. ஆடையைப் பெருக்கிய அதே விஞ்ஞானம் அதன் கழிவைக் குறைக்கவும் வல்லதோ? வல்லதாயின் எவ்வளவு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், கழிக்கப்பட்ட ஆடைகள் எங்குச் செல்கின்றன என்பதை அறிதல் வேண்டும். செல்வ நாடுகளில் ஏழைகளுக்கென்று ஈயப்பட்ட ஆடைகளில் பெரும்பகுதி வணிகர் கைக்கு மாறிப் பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடல் கடக்கின்றது. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில் கந்தமந்தோ என்னும் பெருஞ்சந்தை அத்தகைய பொதிகளால் வாழ்வது. அவ்வாடைகளை அந்நாட்டார் ‘ஒப்ரோனி வாவு’ என வழங்குவர். ‘இறந்த வெள்ளையரின் ஆடை’ என்பது அதன் பொருள். உயிரோடிருப்பவர் இத்துணை நல்ல ஆடையை எறிவரோ என்னும் வியப்பினின்று பிறந்த பெயர் அது. அப்பொதிகளுள் விலைபோகாதன சாக்கடையையும் கடற்கரையையும் அடைகின்றன. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா என்னும் வறண்ட பாலைநிலத்தில், ஆல்ட்டோ ஒஸ்பீசியோ நகருக்கு அருகே, உடுத்த ஆடைகளும் உடுக்கப்படாத ஆடைகளும் மலைபோற் குவிக்கப்பட்டமையை உலகம் புகைப்படங்களிற் கண்டது. பருத்தி மண்ணில் மக்கிப்போம். பாலியெஸ்டரோ எளிதில் மக்குவதன்று.

இனி, பழந்துணியைப் புதுத்துணியாக்கும் வழிகளை நோக்குவோம். அவை இருவகைப்படும். துணியைக் கிழித்து இழையாக்கி மீண்டும் நூற்பது ஒன்று. இரசாயன முறையால் இழையையே கரைத்து மீண்டும் உருவாக்குவது மற்றொன்று.

இவற்றுள் முன்னையது பழமையானது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சார்ந்த பேட்லி என்னும் ஊரில், பெஞ்சமின் லா என்பவர் 1813-ஆம் ஆண்டில் பழங்கம்பளிகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, அதனொடு புதுக் கம்பளி மயிரைக் கலந்து நூற்றுத் துணி நெய்தார். அதற்கு ‘ஷாடி’ என்று பெயர். ஐரோப்பாவின் கந்தல்கள் பேட்லிக்கும் அதன் அண்மையிலுள்ள டியூஸ்பரிக்கும் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. கந்தலால் அவ்வூர்கள் செல்வம் பெற்றன. ஆயினும் அப்பெயரின் பிற்கால வரலாறு கருதத்தக்கது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், இத்தகைய துணியால் தைக்கப்பட்ட படைவீரர் உடைகள் விரைவில் நைந்து கிழிந்தன. அதுமுதல் ‘ஷாடி’ என்னும் சொல் ஆங்கிலத்தில் இழிந்த வேலைப்பாட்டைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே நிலைபெற்றது.

அவ்வாறு நைந்ததற்குக் காரணம் யாதெனின், கூறுவோம். நூலின் வலிமை பசையாலாவது முடிச்சாலாவது வருவதன்று. பல நுண்ணிழைகள் ஒன்றோடொன்று இணைந்து முறுக்கப்படுங்கால் அவற்றிடையே தோன்றும் உராய்வே நூலைத் தாங்குகின்றது. இழை நீளமாயின் பிடிப்பு மிகுதி; குறுகின் பிடிப்புக் குறைவு. நல்ல பருத்தியின் இழை 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளமுடையது. துணியை முள் உருளைகளிடையே செலுத்திக் கிழிக்கும்போது முறுக்கு அவிழ்வதோடு இழைகளும் ஒடிகின்றன. ஒடிந்த இழையால் நூற்ற நூல் வலிகுன்றும். அதனை மீண்டும் கிழிப்பின் இழை மேலும் ஒடியும். ஆதலின் இம்முறையிற் பெறும் பஞ்சில் புதுப்பஞ்சோ வேறு வலிய இழையோ கலத்தல் இன்றியமையாததாகின்றது. இவ்வுண்மையை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இத்தொழில் யார்க்‌ஷயரோடு நிற்கவில்லை. இத்தாலியில் பிராட்டோ நகரும், நம் நாட்டில் அரியானாவிலுள்ள பானிப்பட்டும் பழங்கம்பளிகளை நூலாக்குவதில் பேர்பெற்றன. பானிப்பட்டில் பிறநாட்டுப் பழங்கம்பளிச் சட்டைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பொத்தான் முதலியன நீக்கப்பட்டு, கிழிக்கப்பட்டுப் போர்வைகளாகின்றன.

தமிழ்நாட்டிலும் இத்தொழிலின் ஒரு கிளை தழைத்துள்ளது. திருப்பூர் பின்னலாடைக்கு உலகப் புகழ்பெற்ற நகர். ஆடை வெட்டும் மேசையில் துணியின் ஒரு பகுதி துண்டும் துணுக்குமாகக் கழிவது தவிர்க்கவியலாதது. நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. தொழிலாளர் ‘கட்டிங் வேஸ்ட்’ என வழங்கும் இத்துணுக்குகள் எறியப்படுவதில்லை. பெண்டிர் பலர் அமர்ந்து அவற்றை நிறம் நிறமாகப் பிரிக்கின்றனர்; பின்னர் அவை பஞ்சாக்கப்பட்டு ‘ஓ.இ. மில்’ எனப்படும் நூற்பாலைகளை அடைகின்றன. அவ்வாலைகளிலுள்ள இயந்திரம் பழைய கதிர் முறையினின்று வேறுபட்டது. இழைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டுக் காற்றோட்டத்தால் ஒரு சிறு கிண்ணத்துள் செலுத்தப்படும். அக்கிண்ணம் பெருவேகத்திற் சுழல, இழைகள் அதன் சுவரில் படிந்து ஒன்றாகி, முறுக்கேறிய நூலாக வெளிவரும். 1967-ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவில் இவ்வியந்திரம் வாணிகத்திற்கு வந்தது. கதிர் முறை ஏற்காத குறுகிய இழைகளையும் இது ஏற்றுக் கொள்வதே இதன் சிறப்பு.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சிவப்புத் துணுக்கிலிருந்து சிவப்பு நூலும், நீலத் துணுக்கிலிருந்து நீல நூலும் கிடைப்பதால், அந்நூலுக்கு மீண்டும் சாயம் வேண்டுவதில்லை. சாயம் வேண்டாமை திருப்பூருக்குச் சிறு செய்தியன்று. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாதாயிற்று, உழவர் வழக்காடினர். கழிவுநீரை முற்றும் தூய்மை செய்து மீட்காத பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்படவே தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஆற்றைக் காக்கின் வேலை போம், வேலையைக் காக்கின் ஆறு போம் என்னும் இடுக்கண் அன்று அந்நகரை வருத்தியது. சாயமின்றியே நிறம் பெறும் நூல் அவ்விடுக்கணைச் சிறிதேனும் தளர்த்துவதாகும்.

எனினும், வெட்டுத் துணுக்கு வேறு, உடுத்துக் கழித்த ஆடை வேறு. துணுக்கு தூயது, எவ்விழையால் ஆயது என்பது ஆலையார்க்குத் தெரியும். கழித்த ஆடையோ பொத்தானும் இழுவைப்பூட்டும் உடையது. தைத்த நூல் ஒன்று, துணி ஒன்று, உள்துணி வேறொன்று. அதன் உட்கூறு இன்னதெனத் தெரிவிக்கும் சீட்டும் பெரும்பாலும் அழிந்திருக்கும். தேர்ந்த கையும் கண்ணும் உடையவரும் பருத்தியையும் பருத்தி கலந்த பாலியெஸ்டரையும் ஐயமறப் பிரித்தறிதல் அரிது. இவ்விடத்தே பௌதிக நூல் துணைபுரிகின்றது. கட்புலனாகாத அகச்சிவப்பு ஒளியின் அண்மைப் பகுதியைத் துணியின்மீது வீழ்த்தின், பருத்தியிலுள்ள மூலக்கூறுகள் ஒருவகை அலைநீளங்களையும், பாலியெஸ்டர் வேறுவகையையும், கம்பளி பிறிதொருவகையையும் உட்கொள்ளும். மீண்டுவரும் ஒளியைக் கருவி ஆராய்ந்து, இஃது இன்ன இழை என நொடிப்பொழுதில் உணர்த்தும். உடனே காற்றுவீச்சு அவ்வாடையை அதற்குரிய கூண்டில் தள்ளும். சுவீடன் நாட்டு மால்மோ நகரில் 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிப்டெக்ஸ் என்னும் நிலையம் இம்முறையால் ஆண்டிற்கு 24,000 டன் துணியைப் பிரிக்கத்தக்கதாக அமைக்கப்பட்டது. ஆயினும் இவ்வொளி துணியின் மேற்பரப்பையே அறியும். பல மடிப்புடைய சட்டையின் உள்ளீட்டை அறியாது. கருநிறத் துணி ஒளியை விழுங்கி ஏமாற்றுவதும் உண்டு. மீண்டும் உடுக்கத்தக்க நல்லாடையைத் தேர்ந்தெடுத்தற்கு மனிதக் கண்ணே இன்றும் வேண்டப்படுகின்றது.

நிற்க. இரண்டாவதாகிய இரசாயன முறையை நோக்குவோம். பருத்தி என்பது செல்லுலோசு என்னும் பொருளேயாம். மரக்கூழ் வழக்கிற்கு வருமுன் ஐரோப்பாவிற் காகிதம் கந்தற்றுணியாலேயே செய்யப்பட்டது. 1892-ஆம் ஆண்டில் கிராஸ், பெவான், பீடில் என்னும் மூவர் செல்லுலோசைக் கரைத்து நுண்துளைகளின் வழியே பிழிந்து இழையாக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். விஸ்கோஸ் எனப்படுவது அதுவே. இவ்விரண்டையும் இணைத்து எண்ணினால், பழம்பருத்தியைக் கூழாக்கி அக்கூழினின்று புத்திழை பெறலாமென்பது விளங்கும். கிழிக்கும் முறையில் இழை ஒடிவதுபோல் இதில் இழப்பில்லை. இழை புதிதாகவே பிறக்கின்றது.

இதனைப் பேரளவிற் செய்ய முயன்றவர் சுவீடன் நாட்டு ரினியூசெல் நிறுவனத்தார். ஸ்டாக்ஹோமிலுள்ள அரசத் தொழிற்கல்லூரியின் ஆராய்ச்சியாளரால் 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 2022-ஆம் ஆண்டில் சுண்ட்ஸ்வால் என்னும் ஊரில், ஓய்ந்துபோன காகித ஆலையொன்றனுள் தன் பெருந்தொழிற்சாலையைத் திறந்தது. ஒருகாலத்தில் கந்தல் காகிதமாயிற்று. இப்பொழுதோ காகித ஆலையிற் கந்தல் ஆடைக்குரிய கூழாயிற்று. விஞ்ஞானம் வென்றது, வாணிகம் தோற்றது. ஆடை விற்கும் பெருநிறுவனங்கள் பாராட்டிய அளவிற்கு வாங்கவில்லை. போதிய விற்பனையின்றி 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனம் நொடித்தது. அவ்வாண்டிலேயே வேறொருவர் அதனை விலைக்குக் கொண்டனர். ஆய்வுக்கூடத்தில் மெய்யாவது அங்காடியில் மெய்யாதற்கு விலையும் விருப்பமும் வேண்டுமென்பதை இந்நிகழ்ச்சி தெளிவுற உணர்த்துகின்றது.

இரசாயன முறைக்கும் பெரிய தடை கலப்பிழையே. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நூற்ற துணி கசங்காது, விரைவில் உலரும், விலையும் மலிவு. ஆதலின் மக்கள் விரும்புவர். அக்கலப்பைப் பிரித்தலோ அரிது. ஹாங்காங் நெசவாராய்ச்சி நிலையத்தார் வெந்நீர், அழுத்தம், சிறிதளவு இரசாயனப் பொருள் ஆகியவற்றின் துணையால் பருத்தியைப் பொடியாக்கிப் பாலியெஸ்டர் இழையைத் தனியே பிரிக்கும் முறையொன்றைக் கண்டனர். இவ்வாறு பருத்தியும் பாலியெஸ்டரும் பிரிந்தாலும், 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த நெகிழிழை நூற்றில் ஓரிரு பங்கு கலந்திருப்பின் அதுவே பெருந்தொல்லையாகின்றது. உடலோடு ஒட்டி நெகிழும் காற்சட்டைகள் பலவற்றிலும் அவ்விழை உண்டு.

முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன உண்மைக்கு இப்பொழுது மீள்வோம். கிழித்துப் பெற்ற பஞ்சு வலிகுன்றியது. அதற்கு வலிமையூட்டப் பெரும்பாலும் பாலியெஸ்டரைக் கலக்கின்றனர். எனவே, தூய பருத்தித் துணுக்கு மறுமுறை ஆடையாகும்போது கலப்பாடையாகின்றது; கலப்பாடை மீண்டும் பிரித்தற்கரியது. அஃதாவது, அது பெறும் இரண்டாம் வாழ்வே பெரும்பாலும் இறுதி வாழ்வுமாகின்றது. பாலியெஸ்டரின் நிலையும் அத்தகையதே. ‘மீட்டெடுத்த பாலியெஸ்டர்’ எனப் பெருமையுடன் விற்கப்படும் ஆடைகளில் மிகப் பெரும்பாலானவை பழைய ஆடையினின்றல்ல, குடிநீர்ப் புட்டிகளினின்றே வந்தவை. புட்டி மீண்டும் புட்டியாகக் கூடும். ஆடையான பின் அது மீள்வது அரிது. கழிவைக் கழிவென்றே காட்டாமல் ஒருபடி தள்ளிவைத்தலைக் கழிவு நீங்கிற்று என எண்ணுதல் பிழை.

ஆகவே, கழிந்தபின் மீட்பதினும் கழியாமற் காத்தலே சிறந்ததென்பது தெளிவாகும். இதற்கும் இயந்திரம் துணையாகும். வியன்னாவிற் பிறந்து நாசிகளுக்குத் தப்பி 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற ஜோசப் கெர்பர் என்பவர், கணிப்பொறியின் ஆணைப்படி துணியை வெட்டும் கருவியை 1969-ஆம் ஆண்டில் அமைத்தார். இன்று சட்டையின் முன், பின், கை, கழுத்து ஆகிய உறுப்புக்களை ஒரு துணிப்பரப்பில் எவ்வாறு நெருக்கமாக அடுக்கினால் துணுக்குக் குறையும் என்பதைக் கணிப்பொறியே கணக்கிடுகின்றது. சப்பான் நாட்டு வக்கயாமாவிலுள்ள ஷிமா செய்க்கி நிறுவனத்தார் கையுறை பின்னும் இயந்திரத்தில் தொடங்கி, 1995-ஆம் ஆண்டில் முழு ஆடையையும் வெட்டும் தையலுமின்றி ஒரே வடிவாகப் பின்னும் இயந்திரத்தை வெளியிட்டனர். வெட்டில்லாதவிடத்துத் துணுக்கும் இல்லை. இதனைக் கண்டு வியக்கும் நாம், தறியினின்று இறங்கியவாறே உடுக்கப்படும் வேட்டியும் புடைவையும் இப்பயனைத் தொன்றுதொட்டே உடையன என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

சட்டமும் இப்போது துணைக்கு வந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் பழந்துணியைப் பிற குப்பையினின்று தனியே திரட்டல் வேண்டுமென்னும் விதி 2025-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. விற்காத ஆடைகளைப் பெருநிறுவனங்கள் அழித்தலைத் தடுக்கும் விதிக்கு 2026-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் தொடக்கமாக வகுக்கப்பட்டது. ஓர் ஆடை எவ்விழையால் ஆயது, யாங்ஙனம் பிரிக்கத்தக்கது என்பவற்றைத் தெரிவிக்கும் மின்குறிப்பை அதனோடே இணைக்கும் ஏற்பாட்டிற்கும் அங்குச் சட்டம் இடந்தந்துள்ளது. பிரான்சு நாட்டில் 2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல், கிழிந்த ஆடையையும் காலணியையும் செப்பனிடுவோர்க்கு 6 முதல் 25 யூரோ வரை கூலியிற் கழிவு தரும் முறை தொடங்கப்பட்டது. ஏற்றுமதிக்கென ஆடை செய்யும் நம் நகரங்களையும் இவ்விதிகள் தொடுமாதலின், அவற்றை அயலார் செய்தியென்று விடுதற்கில்லை. நாளை ஐரோப்பாவிற்குச் செல்லும் பனியன் ஒன்றன் பிறப்பு வரலாற்றைத் திருப்பூரே எழுதித் தரல் வேண்டியிருக்கும்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின் ஒருண்மை புலப்படும். இயந்திரம் கந்தலைக் கிழிக்கும், ஒளி அதனை இனங்காணும், இரசாயனம் கரைக்கும், ஆயினும் இவற்றுள் எதுவும் ஆடையை அதன் முதல் நிலைக்கு இழப்பின்றியும் செலவின்றியும் மீட்க வல்லதன்று. ஒவ்வொரு மீட்சிக்கும் நீரும் நெருப்பும் உழைப்பும் விலையாகின்றன. ஆடையை ஆடையாகவே நெடுநாள் வைத்திருத்தல் ஒன்றே இவ்விலையில்லாத வழி. ஓர் ஆடையின் பயன்பாட்டை ஒன்பது திங்கள் நீட்டித்தாற்கூட, அதனால் நேரும் நீர்ச்செலவும் கரிவளிக் கேடும் கழிவும் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு குறையுமென ராப் என்னும் ஆங்கிலநாட்டு அமைப்பு 2012-ஆம் ஆண்டிற் கணக்கிட்டுள்ளது. ஊசியும் நூலும் எந்த ஆலையினும் இழிந்த கருவிகளல்ல.

மாணவ நண்பர்களே, இத்துறையில் தீராத வினாக்கள் பல உள. கலப்பிழையைக் குறைந்த செலவிற் பிரித்தல் இரசாயனம் பயில்வோர்க்குரியது. கருந்துணியையும் அறியும் கருவி பௌதிகம் பயில்வோர்க்குரியது. நல்லிழைக்கு அங்காடி அமைத்தல் பொருளாதாரம் பயில்வோர்க்குரியது. எளிதிற் பிரிக்கத்தக்கவாறு முதலிலேயே ஆடையை ஒரே இழையால் அமைத்தல், நாளை ஆலைகளை நடத்தப் போகும் நம்மவர்க்குரியது. அதுவரை நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது ஒன்றுண்டு. கடையில் ஓர் ஆடையைக் கையிலெடுக்குங்கால், விலைச்சீட்டைப் பார்ப்பதோடு இழைச்சீட்டையும் பார்த்து, இஃது எத்துணைக் காலம் உழைக்கும், உழைத்தபின் எங்குச் செல்லும் என்னும் இரு வினாக்களை எழுப்பிக் கொள்வோமாக. ஆள் பாதி ஆடை பாதி என்பர் நம்மவர். அப்பாதியை எத்துணை நாள் போற்றுகின்றோம் என்பதும் ஆளின் தகுதியைக் காட்டுவதேயாகும்.